அர்ஜினைன் பவுடர் கணையத்தைக் கெடுக்குமா? எலி ஆய்வால் வீட்டில் சண்டை

கொடுமுடிக்காரன்:
வணக்கம். அண்ணன் மகனுக்கு 23 வயது. ஒரு வருடமாக ஜிம்முக்குப் போகிறான். முதலில் வே புரோட்டீன் குடித்தான். இப்போது பயிற்சிக்கு முன்னால் கலக்கிக் குடிக்கும் இன்னொரு டப்பாவும் வந்திருக்கிறது. அதன் மேல் அர்ஜினைன் என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். போன வாரம் யாரோ அனுப்பிய காணொலியை அண்ணி பார்த்துவிட்டார். அர்ஜினைன் கொடுத்த எலிகளுக்குக் கணையம் அழுகிவிட்டது என்று அதில் சொல்கிறார்களாம். அன்றே டப்பா பரண் மேல் ஏறிவிட்டது. பையன் வீட்டில் சாப்பிட மாட்டேன் என்று இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு இருந்தான் (வெளியே பரோட்டா சாப்பிட்டதாக நம்பத் தகுந்த தகவல்). நடுவில் மாட்டிக்கொண்டவன் நான்.

அமினோ அமிலம் என்றால் புரதத்தின் துண்டுதானே? பருப்பிலும் முட்டையிலும் கடலையிலும் இருப்பதுதானே? அது எப்படிக் கணையத்தைப் புண்ணாக்கும்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தண்டால்_மணி:
அண்ணா, பத்து வருடமாகப் பயிற்சி கொடுக்கிறேன். என்னிடம் வந்தவர்களில் ஒருத்தருக்கும் கணையம் போகவில்லை. எலிக்கு எதைக் கொட்டினாலும் ஏதாவது ஆகத்தான் செய்யும். பரோட்டாவையும் சரக்கையும் விட்டுவிட்டு எல்லாரும் டப்பாவைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

வெள்ளெலி:
இதே எலிகளோடு ஆய்வுக்கூடத்தில் மூன்று வருடம் குப்பை கொட்டியவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

காணொலி சொன்னது பொய் இல்லை. ஆனால் பாதியை விட்டுவிட்டார்கள். 1984-ல் ஜப்பானின் டோக்குஷிமாவில் எலிகளின் வயிற்றறைக்குள் அர்ஜினைனை ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். எலியின் 100 கிராம் எடைக்கு 500 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 5 கிராம். ஒரே ஊசிதான். செரிமான நொதிகளைச் செய்யும் அசினர் செல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அந்த முறை அப்படியே உலகம் முழுக்கப் பரவிவிட்டது. காரணம் எளிது. அதற்கு முன்பு கடுமையான கணைய அழற்சியை எலியில் வரவழைக்க வேண்டுமானால் வயிற்றைத் திறந்து, கணையக் குழாய்க்குள் பித்த உப்பைச் செலுத்த வேண்டும். இதற்கோ ஓர் ஊசி போதும்.

பிறகு ஹங்கேரியில் செகெட் நகரத்துக் குழு ஆர்னிதைனைக் கிலோவுக்கு 3 கிராமும் லைசினை 2 கிராமும் கொடுத்துப் பார்த்தது. இரண்டும் அதே வேலையைச் செய்தன. லைசினுக்கு அர்ஜினைனை விடக் குறைந்த அளவே போதுமானதாக இருந்தது. மூன்றும் காரத்தன்மை உள்ள அமினோ அமிலங்கள். அர்ஜினைன் உடம்புக்குள் போனதும் அர்ஜினேஸ் என்ற நொதி அதில் ஒரு பங்கை ஆர்னிதைனாக மாற்றுகிறது. அதனால் அர்ஜினைன் செய்யும் கேட்டில் ஒரு பகுதி உண்மையில் ஆர்னிதைன் செய்வதுதான் என்பது அந்தக் குழுவின் வாதம்.

இனி காணொலி விட்டுவிட்ட பாதி. சுண்டெலிக்குப் பரவலாகக் கையாளும் முறையில் 8 சதவீத அர்ஜினைன் கரைசலை, கிலோவுக்கு 4 கிராம் வீதம், ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை போடுவோம். 25 கிராம் சுண்டெலிக்கு ஒரு ஊசி 1.25 மில்லி. கேட்கச் சின்னதாக இருக்கும். ஊசி போட்டு முடித்ததும் அதன் வயிறு உப்பி நிற்பதைப் பார்த்தால்தான் எவ்வளவு ஏற்றியிருக்கிறோம் என்று புரியும். கரைசலின் பி.எச் அளவைச் சரிசெய்ய மறந்தால் அது தனி நாசம். அர்ஜினைன் செய்ததா, அமிலம் செய்ததா என்றே தெரியாது. முதல் வருடம் எனக்கு அப்படி ஒரு வாரம் வீணானது.

கொடுமுடிக்காரன்:
நன்றி வெள்ளெலி சார். ஆனால் ஏன் கணையம்? கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் இருக்கும்போது அது மட்டும் ஏன் மாட்டிக்கொள்கிறது?

வெள்ளெலி:
எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

கணையம் அமினோ அமிலத்துக்குப் பேராசை பிடித்த உறுப்பு. எடைக்கு எடை பார்த்தால் உடம்பிலேயே அதிகமாகப் புரதம் செய்யும் செல்களில் அசினர் செல்லும் ஒன்று. டிரிப்சின், லைப்பேஸ், அமைலேஸ் என்று தினமும் கிராம் கணக்கில் நொதி செய்து குடலுக்கு அனுப்ப வேண்டும். அதற்கான மூலப்பொருளை ரத்தத்திலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இந்தக் குணத்தை 1960-களில் மருத்துவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் கந்தகம் இருக்கும் இடத்தில் கதிரியக்க செலினியம்-75-ஐப் பொருத்தி ரத்தத்தில் விட்டால், அது கணையத்தில் போய்க் குவியும். அதை வைத்துக் கணையத்தைப் படம் எடுத்தார்கள். சி.டி. ஸ்கேன் வருவதற்கு முந்தைய காலம் அது.

கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு பேருக்குச் சமைக்கிற அடுப்பு. காய்கறி வண்டி எப்போது வந்தாலும் கதவு திறந்தே இருக்கும். ஒருநாள் பத்து லாரி கத்தரிக்காயை மட்டும் உள்ளே கொட்டினால் ஆட்கள் நடக்கவே இடம் இருக்காது. (உவமை எனக்கே முழுத் திருப்தி இல்லை. ஏனென்றால் இங்கே முதலில் அணைவது அடுப்பு.)

அந்த அடுப்புதான் முக்கியம். கணைய அழற்சி என்றால் பாடப் புத்தகத்தில் வரும் கதை 1896-ல் ஹான்ஸ் கியாரி சொன்னது: கணையம் தன்னைத்தானே செரித்துக்கொள்கிறது. குடலுக்குப் போய் விழித்துக்கொள்ள வேண்டிய டிரிப்சின், செல்லுக்குள்ளேயே விழித்துவிடுகிறது. அமினோ அமிலம் ஏற்றிய எலிகளில் வரிசை வேறு. லைசின் கொடுத்த எலிகளில் முதலில் அடிபடுவது செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா. நான் சொன்ன அடுப்பு அதுதான். மணிக்கணக்கிலேயே அது வீங்கிச் சிதைவதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கலாம். டிரிப்சினும் அழற்சிச் சமிக்ஞைகளும் கிளம்புவது அதற்குப் பிறகுதான். மைட்டோகாண்ட்ரியா நின்றால் ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு இல்லை. ஏ.டி.பி. இல்லாவிட்டால் புதிதாகச் செய்த புரதங்களை மடித்து அடுக்க முடியாது. பழுதானவற்றைச் சுத்தம் செய்யும் வேலையும் பாதியில் நிற்கிறது. உள்ளே குப்பை சேரச் சேர செல் திணறிச் சாகிறது.

2018-ல் வந்த ஓர் ஆய்வில், அர்ஜினைன் உட்பட, கணைய அழற்சியை வரவழைக்கும் நான்கு முறைகளில் இதைத் தொடர்ந்து பார்த்தார்கள். சைக்ளோஃபிலின்-டி என்ற மைட்டோகாண்ட்ரியப் புரதம் இல்லாத சுண்டெலிகளுக்குப் பாதிப்பு குறைந்தது. டிரெஹலோஸ் என்ற சர்க்கரை, செல்லின் சுத்தம் செய்யும் வேலையைத் தூண்டிப் பாதிப்பைக் குறைத்தது. உடனே டிரெஹலோஸ் எங்கே கிடைக்கும் என்று யாரும் கேட்காதீர்கள். அதுவும் எலிதான்.

இன்னொன்று. இன்சுலின் சுரக்கும் திட்டுகள் இந்த வெள்ளத்தில் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. அர்ஜினைனைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அசினர் பகுதி கரைந்து கொழுப்பாக மாறும். நடுவில் இந்தத் திட்டுகள் மட்டும் தீவு தீவாக நிற்கும். ஒரே ஊசியோடு விட்டால், பிழைத்த எலிகளில் இரண்டு வாரத்துக்குள் கணையம் பெரும்பாலும் மீண்டுவிடும்.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் கணக்கு எளிது. கிலோவுக்கு 5 கிராம் என்றால் 65 கிலோ ஆளுக்கு 325 கிராம். யாரும் அரைக்கால் கிலோ பவுடரைக்கூட ஒரே நேரத்தில் விழுங்குவதில்லை. வழக்கு முடிந்தது. அண்ணி டப்பாவை இறக்கலாம்.

மாத்திரைச்சீட்டு:
முடியவில்லை. எலியின் அளவை மனிதனுக்கு அப்படியே எடையால் பெருக்கக் கூடாது. உடல் பரப்பை வைத்துக் கணக்கிடும்போது எலியின் அளவை ஏறக்குறைய 6.2-ஆல் வகுப்பார்கள். 5 கிராம், 0.8 கிராமாக ஆகிவிடும். 65 கிலோவுக்குச் சுமார் 52 கிராம். 325-க்கும் 52-க்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
அப்படியா! அப்போது அண்ணி சொன்னதுதான் சரியா?

மாத்திரைச்சீட்டு:
அதுவும் இல்லை. மருந்தாளுநராக நான் தினமும் பார்க்கிற சிக்கல் இதுதான். ஒரு எண் கிடைத்ததும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறோம்.

மனிதர்களுக்கு அர்ஜினைனை ரத்தக்குழாயிலேயே ஏற்றுவது ஒன்றும் புதிதல்ல. குழந்தைக்கு வளர்ச்சி ஹார்மோன் சுரக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் கிலோவுக்கு அரை கிராம், உச்சமாக 30 கிராம், அரை மணி நேரத்தில் ஏற்றுவார்கள். பல பத்தாண்டுகளாக நடக்கிற சோதனை. அப்புறம் நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் (ஹார்மோன் சுரக்கும் வகைச் செல்களில் வருபவை) என்ற புற்றுநோய்க்கு லுட்டீசியம்-177 என்ற கதிரியக்க மருந்துச் சிகிச்சை இருக்கிறது. அதில் சிறுநீரகத்தைக் கதிர்வீச்சிலிருந்து காக்க 25 கிராம் லைசினும் 25 கிராம் அர்ஜினைனும் சேர்த்து நான்கு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். ஆக மொத்தம் 50 கிராம். நான் மேலே போட்ட 52-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அங்கே செவிலியர்கள் கவலைப்படுவது வாந்திக்கும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவதற்கும்தான். கணைய அழற்சி அங்கே பேச்சாகவே இல்லை.

எலிக்கு ஒரே அடியாக வயிற்றறைக்குள் போகிறது. மனிதனுக்கு மெதுவாக ஏறுகிறது. வாய்வழி போனால் நிலைமை இன்னும் வேறு. குடலும் கல்லீரலும் கணிசமான பங்கை வழியிலேயே எடுத்துக்கொள்ளும். ஒரே தடவையில் 9, 10 கிராமைத் தாண்டினால் பலருக்கு வயிற்றுப்போக்கு வந்துவிடும். கணையம் வாய் திறப்பதற்குள் குடல் கதவைத் திறந்துவிடும்.

தண்டால்_மணி:
அதைத்தான் நான் ஒரே வரியில் சொன்னேன்.

மாத்திரைச்சீட்டு:
நீங்கள் சொன்னது வேறு, மணி. "என்னிடம் வந்தவர்களுக்கு வரவில்லை" என்பது, சில ஆயிரத்தில் ஒருவருக்கு வருகிற விஷயத்தைப் பிடிக்காது. அர்ஜினைன் எடுத்த இளைஞர் ஒருவருக்குக் கணைய அழற்சி வந்து, வேறு காரணம் கிடைக்காமல் அர்ஜினைன் மேல் சந்தேகப்பட்ட நிகழ்வைத் துருக்கி மருத்துவர்கள் 2004-ல் பதிவு செய்தார்கள். 2018-ல் பெல்ஜியத்திலிருந்து வந்த அறிக்கையின் தலைப்பிலேயே "இரண்டாவது" என்ற சொல் இருக்கிறது. உலகம் முழுக்க விற்கிற பொருளுக்குப் பதினான்கு வருட இடைவெளியில் இரண்டாவது பதிவு. நடக்கவே நடக்காது என்றும் சொல்ல முடியாது, நடக்கும் என்று பயமுறுத்தவும் முடியாது. இதுபோன்ற தனி நிகழ்வில் இதுதான் காரணம் என்று நிரூபிப்பதும் கடினம்.

தேனடை:
இந்த இழையைப் படித்துவிட்டு எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் வீட்டில் அமினோ அமிலம் என்பது தினசரிப் பேச்சு, ஆனால் ஜிம்மால் அல்ல.

மகளுக்கு இப்போது ஏழு வயது. மீத்தைல்மலோனிக் அசிடீமியா என்ற பிறவி நோய். ஐசோலூசின், வேலின், மெத்தியோனின், திரியோனின் என்ற நான்கையும் அவள் உடம்பால் கடைசிவரை எரித்து முடிக்க முடியாது. பாதியில் நின்றுபோய் அமிலமாகத் தேங்கும். அதனால் அவளுக்குப் புரதம் கிராம் கணக்கில்தான். சமையலறைத் தராசு இல்லாமல் ஒரு வேளைச் சாப்பாடும் கிடையாது. இட்லி கூட எண்ணி. உளுந்தில் புரதம் என்று பாட்டிக்குப் புரியவைக்க ஒரு வருடம் ஆயிற்று.

போன மழைக்காலத்தில் காய்ச்சல், வாந்தி. வழக்கமான நெருக்கடி என்றுதான் நினைத்தோம். முதலில் போன இடத்தில் சாதாரண வயிற்று உபாதை என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். எங்கள் வளர்சிதை மாற்ற மருத்துவர் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, "லைப்பேஸ் பார்த்தார்களா?" பார்த்தபோது பல மடங்கு ஏறியிருந்தது. கணைய அழற்சி. இந்த வகை நோய்க் குழந்தைகளுக்கு அது வரும் என்பது 1990-களிலிருந்தே மருத்துவ இதழ்களில் இருக்கிறதாம். எங்களுக்கு யாரும் அதுவரை சொல்லவில்லை. பதினொரு நாள் மருத்துவமனை. இப்போது நன்றாக இருக்கிறாள், பள்ளிக்குப் போகிறாள்.

வெள்ளெலி தம்பி, உங்கள் எலிகளுக்கு நடப்பதும் இவளுக்கு நடந்ததும் ஒன்றா?

வெள்ளெலி:
அக்கா, முதலில் மகள் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி.

ஒன்று என்று சொல்ல மாட்டேன். எலிக்கு நாங்கள் வெளியிலிருந்து மலையளவு கொட்டுகிறோம். உங்கள் மகளுக்கு, சாதாரண அளவே உள்ளே வழி அடைத்துத் தேங்குகிறது. தேங்குவதும் அமினோ அமிலம் அல்ல, அதிலிருந்து வந்த அமிலம். ஆனால் சேருமிடத்தில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. அந்த அமிலங்களும் மைட்டோகாண்ட்ரியாவைத்தான் தடுமாற வைக்கின்றன. மேப்பிள் சிரப் சிறுநீர் நோய், ஐசோவேலரிக் அசிடீமியா, ஹோமோசிஸ்டினூரியா, லைசினூரிக் புரதச் சகிப்பின்மை என்று அமினோ அமிலப் பாதையில் பழுதுள்ள பல நோய்களில் கணைய அழற்சி பதிவாகியிருக்கிறது. அதனால்தான் இந்த நோயுள்ள குழந்தை வாந்தி எடுத்தால் லைப்பேஸையும் பார்க்கச் சொல்கிறார்கள். உங்கள் மருத்துவர் கெட்டிக்காரர்.

இன்னொரு வேடிக்கை இருக்கிறது. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு அஸ்பராஜினேஸ் என்று ஒரு மருந்து கொடுப்பார்கள். ரத்தத்தில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தைத் துடைத்து எடுத்துவிடும். அந்த மருந்தைச் சில நேரம் நிறுத்த வேண்டி வரும் முக்கியக் காரணங்களில் ஒன்று கணைய அழற்சி. அதாவது அமினோ அமிலம் கூடினாலும் சண்டை, குறைந்தாலும் சண்டை. இருபத்து நான்கு மணி நேரமும் புரதம் செய்கிற செல்லுக்கு எந்தப் பக்கம் சமநிலை சாய்ந்தாலும் அடிதான்.

நாஞ்சில்_காற்று:
குறைந்தாலும் என்கிறீர்கள். மரவள்ளிக்கிழங்குக் கதையும் அதுதானே? எங்கள் பக்கமும் திருவனந்தபுரத்துப் பக்கமும், சின்ன வயதிலேயே கணையத்தில் கல், சர்க்கரை என்று ஒரு நோய். கப்பைக்கிழங்கைத்தான் காரணம் சொல்வார்கள்.

வெள்ளெலி:
ஆமாம், வெப்பமண்டலக் கணைய அழற்சி. 1959-ல் சுயிடெமா இந்தோனேசியாவில் இதை விவரித்தார். கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளைத் தொகுத்து எழுதினார். மரவள்ளியில் இருந்து வரும் சயனைடை முறிக்க உடம்புக்குக் கந்தகம் வேண்டும். அது மெத்தியோனின், சிஸ்டீன் என்ற கந்தக அமினோ அமிலங்களிலிருந்து வர வேண்டும். ஏழை வீட்டில் கிழங்கு நிறைய, புரதம் கொஞ்சம். கணக்கு சரியாகப் பொருந்துவது போலத்தான் இருந்தது.

ஆனால் மரவள்ளியே சாப்பிடாத பகுதிகளிலும் நோய் வந்தது. பிறகு ஸ்பிங்க்-1 என்ற மரபணுவில் மாற்றம் நோயாளிகளில் கணிசமானவர்களிடம் கண்டுபிடிக்கப்பட்டது. டிரிப்சினை அடக்கி வைக்கும் பூட்டு அது. இன்று கிழங்கை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துபவர்கள் குறைவு. நான் இன்னும் மீன்குழம்போடு கப்பை சாப்பிடுகிறேன், மனசாட்சி உறுத்தாமல்.

கொடுமுடிக்காரன்:
நண்பர்களே, பரண் மேலிருந்து டப்பாவை இறக்கி (அண்ணி கோயிலுக்குப் போயிருந்தார்) லேபிளைப் படித்தேன். "அமினோ பம்ப் கலவை: 7.5 கிராம்" என்று மொத்தமாகப் போட்டு, அடைப்புக்குள் அர்ஜினைன், சிட்ருலின், பீட்டா அலனைன், டவுரின், இன்னும் நான்கைந்து பெயர். எது எவ்வளவு என்று இல்லை. காஃபீன் மட்டும் 300 மில்லிகிராம் என்று தனியாக இருக்கிறது.

மாத்திரைச்சீட்டு:
எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். அர்ஜினைன் 3 கிராம் என்று எழுதியிருந்தால் நான் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவேன். 100 கிராம் வேர்க்கடலையில் அவ்வளவு இருக்கிறது. "கலவை" என்றால் அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

1989-ல் அமெரிக்காவில் நடந்ததை மறக்கக் கூடாது. தூக்கத்துக்கென்று கடையில் விற்ற டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை எடுத்தவர்களுக்குத் தாங்க முடியாத தசை வலியும், ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்களின் பெருக்கமும் வந்தன. 1,500-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள், முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேடிப் போனால் பெரும்பாலான டப்பாக்களின் மூலம் ஜப்பானில் ஒரே ஒரு தயாரிப்பாளரிடம் போய் முடிந்தது. தயாரிப்பில் கலந்த மாசு மேல்தான் முக்கியச் சந்தேகம். கணையத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பவுடரில் அமினோ அமிலம் மட்டும்தான் இருக்கிறது என்று நாமாக நம்பிக்கொள்கிறோமே, அதற்காகச் சொன்னேன்.

தண்டால்_மணி:
இதை ஒத்துக்கொள்கிறேன். அளவு எழுதாத டப்பாவை நானும் இனிமேல் பரிந்துரைக்க மாட்டேன். 300 காஃபீனை மாலை ஆறு மணிக்குக் குடித்தால் பையன் எப்படித் தூங்குவான்?

வெள்ளெலி:
கொடுமுடி சார், பையனுக்கு வலி ஏதாவது உண்டா? மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி, நிற்காத வாந்தி, முன்னால் குனிந்தால் கொஞ்சம் தணிவது: இப்படி இருந்தால் இங்கே எழுதிக்கொண்டு இருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மருத்துவர் முதலில் தேடுவது பித்தப்பைக் கல், மது, ஆயிரத்தைத் தாண்டிய டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு. பவுடர் அந்த வரிசையில் மிகவும் பின்னால். ஆனால் டப்பாவைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். பெரும்பாலானவர்கள் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்க்காமல், மருத்துவரிடம் சொல்லவும் மறந்துவிடுகிறார்கள்.

பரண்மேல்_டப்பா:
வணக்கம், நான்தான் அந்த அண்ணன் மகன். சித்தப்பா இந்த இழையை அவருடைய தொலைபேசியில் திறந்தே வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். முழுதும் படித்தேன். வலி எதுவும் இல்லை. போன மாதம் அலுவலகத்தில் எடுத்த பரிசோதனையில் டிரைகிளிசரைடு 240. வெள்ளெலி அண்ணா, அது உங்கள் ஆயிரத்துக்கு எவ்வளவு பக்கம்?

வெள்ளெலி:
தூரம்தான் தம்பி. ஆனால் 23 வயதுக்கு நல்ல எண் இல்லை. வெறும் வயிற்றில் எடுத்ததா?

பரண்மேல்_டப்பா:
இல்லை. பரோட்டா சாப்பிட்ட மறுநாள் காலை, டீ குடித்துவிட்டு.

மாத்திரைச்சீட்டு:
பன்னிரண்டு மணி நேரம் பட்டினி கிடந்து மறுபடி எடு. டப்பா பரண் மேலேயே இருக்கட்டும்.

கொடுமுடிக்காரன்:
டேய், என் தொலைபேசியை ஏன் எடுத்தாய்?